ஒட்டுப் படம்

என் கொழுந்தனுக்கும் எனக்கும் முதல் நாளிலிருந்தே ஆகவில்லை. உத்தமபாளையம் கடைத்தெருவில் என் வீட்டுக்காரர் விட்டுப்போன போட்டோ ஸ்டூடியோவில், ஒரே கேமராவையும் ஒரே இருட்டறையையும் வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் பிழைத்தோம். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியதெல்லாம் குத்தல்.

என் வீட்டுக்காரர் ஏலக்காய்த் தோட்டத்தில் குரூப் போட்டோ எடுக்க மலைக்குப் போனவர், காய்ச்சலோடு இறங்கி வந்தார். அந்த மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார். பிள்ளை இல்லை. கடையை விற்றுவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவேன் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். நான் போகவில்லை. படங்களைக் கழுவுவது, உலர்த்துவது, கண்ணாடி நெகட்டிவில் முகத்து வடுவைப் பென்சிலால் சரிசெய்வது எல்லாம் அவர் இருக்கும்போதே என் வேலை. கேமராவுக்குப் பின்னாலும் நின்றிருக்கிறேன். ஊரில் முஸ்லிம் வீடுகள் அதிகம். அந்த வீட்டுப் பெண்கள் அந்நிய ஆம்பிளை முன்னால் உட்கார மாட்டார்கள். கேமராவோடு நான் அவர்கள் வீட்டு முற்றத்துக்கே போவேன். ஆகவே என் சோற்றுக்கு எனக்குத் தொழில் இருந்தது.

கொழுந்தன் வந்தது அதற்குப் பிறகு. அவன் வெளியூரில் சினிமா எடுக்கும் ஒரு டாக்கிக் கம்பெனியில் தந்திரக் காட்சி எடுக்கும் பிரிவில் இருந்தவன். சாமி ஆகாயத்தில் பறப்பது, அரக்கன் மலையளவு வளர்வது, இதெல்லாம் அவர்கள் செய்வது. அங்கே யாரோடோ சண்டை போட்டு வெளியே வந்துவிட்டான். அண்ணன் கடையில் தனக்குப் பாதி உண்டு என்று வந்து நின்றான். குடும்பத்துப் பெரியவர்களும் ஆமென்று தலையாட்டிவிட்டார்கள். ஒரு தகரப் பெட்டியும் ஒரு சுருள் கறுப்பு வெல்வெட்டும் அவன் கொண்டுவந்த சொத்து.

வந்த கொஞ்ச நாளிலேயே கடையில் கூட்டம் சேர்ந்தது. அதற்குக் காரணம் அவன்தான், அதை நான் இல்லையென்று சொல்லமாட்டேன். கல்யாணப் படத்தில், செத்துப்போன தகப்பனை மணமகன் பக்கத்தில் உட்காரவைத்துக் கொடுத்தான். பழநிக்குப் போக முடியாத குடும்பத்துக்கு, மேலே மேகத்தில் முருகனும் கீழே கும்பிட்டபடி அவர்களுமாகப் படம் செய்தான். ஜனங்கள் அதை ஒட்டுப் படம் என்றார்கள். அந்த வேலை வரும்போதெல்லாம் இருட்டறைக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொள்வான். என் கண்ணாடி பிளேட் மருந்துத் தொட்டியில் கிடந்தாலும் திறக்கமாட்டான். அப்படி மூன்று பெண்களின் படம் கருகிப்போனது.

"அதெப்படிச் செய்றதுனு நானும் தெரிஞ்சுக்கிறேன்" என்று ஒரு நாள் கேட்டேன்.

"இது ட்ரிக் வேலை மதினி. ஒங்களுக்குப் பிடிபடாது. நீங்க போயி படத்தக் கழுவுங்க."

"எங்கடையில நடக்குற வேல எனக்குத் தெரிய வேண்டாமா?"

"நம்ம கடைனு சொல்லிப் பழகுங்க."

அன்றைக்கே தீர்மானம் செய்துவிட்டேன். ஆசையால் அல்ல. அவன் ஒருவன் கையில் அந்த வேலை இருக்கிறவரை, கடையும் அவன் கையில்தான் இருக்கும்.

மத்தியானம் அவன் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரம் எனக்குக் கிடைத்தது. ஒரு நாற்காலியையும் ஒரு செம்புக் குடத்தையும் எடுத்துக்கொண்டேன். குடத்தை ஒருபோதும் நாற்காலி மேல் வைக்காமல், படத்தில் மட்டும் வைக்க வேண்டும். இதுதான் நானே எனக்குக் கொடுத்துக்கொண்ட பாடம்.

வெல்வெட்டை அவன் எதற்கு வைத்திருக்கிறான் என்று யோசித்தேன். கறுப்பு, பிளேட்டில் பதியாது. ஆகவே கறுப்புத் துணிக்கு முன்னால் குடத்தை வைத்து ஒரு தரமும், அதே பிளேட்டில் நாற்காலியை ஒரு தரமும் எடுத்தால் இரண்டும் சேர்ந்துவிடும் என்று நினைத்தேன். என் பழைய கறுப்புச் சேலையைத் தொங்கவிட்டு எடுத்தேன். இரண்டும் சேர்ந்துதான் வந்தன. ஆனால் குடத்தின் வயிற்றுக்குள் நாற்காலியின் முதுகுக் கம்பிகள் தெரிந்தன.

உலரப் போட்டிருந்த அந்தப் படத்தைக் கொழுந்தன் பார்த்தான். "குடத்தோட ஆவியா" என்று கேட்டுவிட்டுப் போனான்.

ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இன்னொன்று இருக்கக்கூடாது, அந்த இடத்தை முதலிலேயே காலியாக விட்டுவைக்க வேண்டும் என்று அந்த நக்கலைக் கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது. இரண்டு பிளேட்டாக எடுத்தேன். குடத்தின் நெகட்டிவில், குடத்தைச் சுற்றி வெளிச்சம் புகாதபடி சிவப்புச் சாயத்தை அப்பினேன். கறுப்புக் காகிதத்தில் குடத்தின் உருவத்தை வெட்டினேன். அப்போது நாங்கள் பயன்படுத்திய தாள், வெயிலில் வைத்தால் தானே கறுத்துப் படம் காட்டும். நாற்காலியை அச்சுப் போடும்போது, குடம் வரவேண்டிய இடத்தைக் கறுப்புக் காகிதத்தால் மூடினேன். பிறகு மூடியதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் குடத்தை அச்சுப் போட்டேன்.

குடம் கெட்டியாக வந்தது. ஆனால் அதைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடியது. மயிரிழை இடம் விட்டால் வெள்ளைக் கோடு. மயிரிழை மேலே ஏறினால் கறுப்புக் கோடு. கத்தரியைக் குறை சொல்லி, காகிதத்தைக் குறை சொல்லி, கடைசியில் காகிதத்தைத் தாளோடு ஒட்டி வைக்காமல், கொஞ்சம் உயர்த்தி, ஓரத்தில் பஞ்சு வைத்துப் பார்த்தேன். ஓரம் மங்கியது, கோடு போனது. அன்றைக்கு நிஜமாகவே சந்தோஷப்பட்டேன்.

அவன் அதையும் பார்த்தான். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"குடத்த நின்னுக்கிட்டு எடுத்தீகளா?"

"ஆமா."

"நாற்காலிய உக்காந்துக்கிட்டு எடுத்திருக்கீக. குடத்தோட வாய் தெரியுது, நாற்காலில பலகையோட மேல்பக்கம் தெரியல. பாக்குறவனுக்கு ரெண்டு கண்ணும் ரெண்டு ஒசரத்துலயா இருக்கும்?" படத்தைத் தண்ணீர் வாளிக்குள் போட்டான். "அதோட குடம் அந்தரத்துல தொங்குது."

வாளிக்குள் கை விட்டு அந்தப் படத்தை எடுத்தேன். அவன் சொன்னது சரி. அது சரியாக இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கேமராவின் உயரத்தை அளந்து, அதைத் தாங்கும் முக்காலியின் காலில் கத்தியால் குறி போட்டேன். குடத்தின் அடியில், பலகையைத் தொடுமிடத்தில் கொஞ்சம் நிழல் வேண்டும் என்பதையும் கண்டுபிடித்தேன். பென்சிலால் லேசாக அடித்தேன், குடம் உட்கார்ந்துவிட்டது. அந்தப் படத்தை அவன் பார்க்கும்படி வாசலிலேயே மாட்டினேன். மறுநாள் அவன் இருட்டறைக்குப் புதுப் பூட்டு வாங்கிவந்தான். நான் சுத்தியலால் அதை உடைத்தேன். 

பண்ணைப்புரத்துப் பக்கம் ஒரு பெரிய விவசாயக் குடும்பம். அந்த வீட்டம்மாள் கடைக்கு வந்தது இந்த நிலவரத்தில்தான். அறுபதைத் தாண்டியவர், கறாரான பேச்சு. அவருக்கு இரண்டு மகன்கள். ஒரு கிணற்றுத் தோட்டத்துக்காக இருவரும் கோர்ட்டில் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஒரு வாசலில் நுழைந்தால் தம்பி மறு வாசலில் வெளியேறுகிற அளவுக்குப் பகை.

"நடுவுல நான் இருக்கணும். ரெண்டு பக்கமும் ரெண்டு பயலும் நிக்கணும்" என்றார் அந்தம்மாள். "சேந்து வரமாட்டானுக. தனித்தனியாக் கூட்டியாறேன். ஒட்டிக் குடு. அவனுகளுக்குத் தெரிய வேண்டாம்."

கொழுந்தன் முன்னால் வந்தான். "அது நாஞ்செய்ற வேலை. எங்கிட்டச் சொல்லுங்க."

"ஒங்கிட்ட யாருப்பா கேட்டா? நான் இந்தப் புள்ளைகிட்டப் பேசிக்கிட்டிருக்கேன்."

அவன் முகம் செத்துப்போனது. அந்தம்மாள் போன பிறகு, "என் வெல்வெட்டத் தொட்டீகன்னா நல்லாருக்காது" என்றான். எனக்கு அவன் வெல்வெட் தேவையில்லை என்பது அவனுக்கும் தெரியும்.

முதலில் அம்மாளும் மூத்த மகனும் வந்தார்கள். எங்கள் ஸ்டூடியோவுக்குக் கிழக்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல். காலை வெயில் வெள்ளைத் துணித் திரையில் வடிந்து உள்ளே விழும். அம்மாளை நாற்காலியில் உட்காரவைத்து, மூத்தவரைக் கண்ணாடியை விட்டுத் தள்ளியிருந்த பக்கம் நிறுத்தினேன். கண்ணாடிப் பக்கம் ஒரு ஆள் இடத்தைக் காலியாக விட்டேன்.

"அங்கன எதுக்கு அம்புட்டு எடம் கெடக்கு?" என்று மூத்தவர் கேட்டார்.

"பூச்சாடி வைக்கலாம்னு இருக்கேன்" என்றேன்.

இளையவர் வேறொரு நாள் சாயங்காலம், கோர்ட் வேலை முடிந்து வந்தார். கிழக்கில் வெளிச்சமே இல்லை. காலையில் வாருங்கள் என்றேன்.

"நான் வந்த நேரத்துக்கு எடுக்க முடியாதா? ஒனக்கு வெயில் பாத்து வரணுமோ?"

"ஆமா, வெயில் பாத்துத்தான் வரணும்."

திட்டிக்கொண்டே போனவரை, அந்தம்மாள் மறுபடி காலையில் இழுத்துவந்தார். முக்காலிக் குறியில் கேமராவை வைத்தேன். அம்மாள் நாற்காலி இருந்த இடத்துக்குத் தரையில் சுண்ணாம்புக் கோடு. அதற்குப் பக்கத்தில் இளையவரை, கண்ணாடி ஓரமாக, முதுகுக்குப் பின்னால் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி நிறுத்தினேன். பிறகு வெட்டுவதும் சாயம் பூசுவதுமாக நெடுநாள் வேலை. இளையவரின் கால்விரலுக்கடியில் நிழல் அடித்தேன். முடிந்த படத்தைப் பார்த்தால் மூன்று பேரும் ஒரே மூச்சில் நின்று எடுத்ததாகத்தான் தோன்றும்.

கொழுந்தன் அதை வெகுநேரம் கையில் வைத்திருந்தான். நான் குத்தலை எதிர்பார்த்து நின்றேன். உதட்டோரம் லேசாகச் சிரித்தான், கொடுத்துவிட்டுப் போனான். அந்தச் சிரிப்பு எதற்கென்று அப்போது தெரியவில்லை.

அம்மாள் படத்தைச் சேலைக்குள் மறைத்து எடுத்துப்போனார். பெட்டியில் வைத்து, தனியாக இருக்கும்போது எடுத்துப் பார்த்திருப்பார். அது இளையவர் கண்ணில் பட்டுவிட்டது. அவர் அதை எடுத்துக்கொண்டு நேராகத் தன் வக்கீலிடம் போனார்.

வழக்கில் அண்ணன் சொல்லிவந்தது, பல வருஷம் முன்பே பாகம் பிரிந்தாயிற்று, கிணற்றுத் தோட்டம் தன் பங்கு என்பது. தம்பி சொன்னது, குடும்பம் பிரியவே இல்லை, எல்லாம் பொதுவில் கிடக்கிறது என்பது. பிரிந்து பகையாகிப் போனதாகச் சொல்கிற அண்ணன், இப்போது தம்பியோடும் தாயோடும் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறாரே, அது எப்படி என்று அந்த வக்கீல் படத்தைக் கோர்ட்டில் நீட்டினார்.

மூத்தவர் கடைக்கு வந்து மேஜையில் அறைந்தார். மருந்துப் புட்டி உருண்டு கீழே விழுந்தது.

"எம்பக்கத்துல அவனக் கொண்டாந்து நிறுத்தச் சொன்னது யாரு? பூச்சாடினு சொன்னியே."

"ஒங்க ஆத்தா கேட்டாக. செஞ்சேன்."

"அது பொய்ப் படம்னு கோர்ட்ல வந்து சொல்லணும். அந்தக் கண்ணாடி ரெண்டையும் கொண்டா."

நெகட்டிவ் வைக்கும் அலமாரிக்குப் போனேன். அந்த இரண்டு பிளேட்டும் அங்கே இருந்தன. ஆனால் வெறும் கண்ணாடியாக, பளிச்சென்று இருந்தன. சோடாக் காரத்தில் ஊறவைத்துப் படத்தை யாரோ உரித்துவிட்டிருந்தார்கள். கொழுந்தன் வாசலில் சாய்ந்து நின்றான்.

"யுத்த காலம் மதினி. கண்ணாடி கெடைக்க மாட்டேங்குது. பழச எல்லாம் கழுவி வச்சேன்."

மற்ற எல்லா பிளேட்டும் கழுவாமல் அப்படியே இருந்தன. இளையவரிடம் அவன் ஏதாவது வாங்கினானா என்று பலர் கேட்டார்கள். எனக்குத் தெரியாது. எனக்கு எதிராக என்றால் அவன் இனாமாகவே செய்திருப்பான்.

கோர்ட்டில் இளையவர் பக்கத்துச் சாட்சியாக அவன்தான் முதலில் கூண்டில் ஏறினான். டாக்கிக் கம்பெனியில் தந்திர வேலை செய்தவன் என்று சொல்லிக்கொண்டான். இந்தப் படம் ஒரே பிளேட்டில், ஒரே சமயத்தில் எடுத்தது என்றான். மதினிக்கு ஒட்டுவேலை தெரியுமா என்று வக்கீல் கேட்டார். "படம் கழுவத் தெரியும்" என்றான். சிலர் சிரித்தார்கள். நான் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தேன். தாலியறுத்தவள் சாட்சிக் கூண்டுக்கு வந்திருக்கிறாள் என்று பார்ப்பதற்கே ஒரு கூட்டம் வராந்தாவில் நின்றது. அந்தக் கூட்டத்துக்கு முன்னால், தூணைப் பிடித்துக்கொண்டு, அம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தார்.

மூத்தவர் பக்கத்துச் சாட்சியாக என் முறை வந்தது. நான்தான் ஒட்டினேன் என்றேன். பிளேட் எங்கே என்றார் இளையவரின் வக்கீல். கழுவிவிட்டார்கள் என்றேன்.

"அப்ப ஒன் வாய்ச்சொல் மட்டும்தான். படத்துல எங்க ஒட்டுனனு காட்டு."

படத்தைக் கையில் கொடுத்தார்கள். என் வேலையை நானே எதிரியின் கண்ணால் முதல் தடவை பார்த்தேன். ஓரத்தில் கோடில்லை. உயரம் சரி. முகத்தில் வெளிச்சம் சரி. காலடியில் நிழல் இருந்தது. ஒரு குற்றமும் தட்டுப்படவில்லை. நன்றாகச் செய்துவிட்டேனே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

கோர்ட் ஜன்னலும் கிழக்குப் பார்த்ததுதான். டவாலிச் சேவகர் ஜன்னலோரமாக வந்து நின்றார். அவருடைய நிழல் குமாஸ்தாவின் தோளிலும் மேஜையிலும் விழுந்தது. அதைப் பார்த்தேன், படத்தைப் பார்த்தேன். கண்ணாடிக்கும் அம்மாளுக்கும் நடுவில் இளையவர் நிற்கிறார். அம்மாளின் தோளும் மடியும் முழு வெளிச்சத்தில் இருக்கின்றன. அவர் நிழல் அம்மாள் மேல் விழவே இல்லை. அவர் அங்கே இல்லாதபோது எடுத்த படம், எப்படி விழும்?

அதைச் சொன்னேன். நீதிபதியாக இருந்த முன்சீப் படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். இளையவரின் வக்கீல், திரை கட்டிய வெளிச்சத்தில் நிழல் விழாது என்றார். அது சரியில்லை என்று எனக்குத் தெரியும். எடுபட்டுவிடுமோ என்று பயமாகத்தான் இருந்தது. முன்சீப் கொழுந்தனை மறுபடி கூப்பிட்டார்.

"அந்த வெளிச்சத்தில் நிழல் விழுமா, விழாதா?"

விழாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவன் என்னைப் பார்த்தான். அந்த உதட்டோரச் சிரிப்பு மறுபடி வந்தது.

"மங்கலாவாச்சும் விழணும்ங்க. விழலேனா அது மதினி செஞ்ச வேலை. நான் செஞ்சிருந்தா நெழலோட செஞ்சிருப்பேன்."

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. இளையவரின் வக்கீல் காகிதங்களைக் கட்டிவைத்துவிட்டார். மூத்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வராந்தாவில் அம்மாள் என்னை நிறுத்தினார்.

"பொய்னு தெரிஞ்சுதான ஒங்கிட்டக் கேட்டேன். அத ஊரக் கூட்டிச் சொல்லணுமா?"

"கூண்டுல ஏத்திக் கேட்டாக. நான் என்ன செய்ய?"

"எம்படத்தக் குடு."

"கோர்ட்ல இருக்கு. முத்திர போட்டு வச்சிட்டாக."

"இன்னொண்ணு போட்டுக் குடு."

பிளேட் இல்லை என்றேன். அம்மாள் எழுந்து முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, என் காலடியில் துப்பிவிட்டுப் போனார். அந்தம்மாளுக்காகத்தான் அந்தப் படத்தில் அத்தனை கஷ்டப்பட்டேன். அன்றைக்கு நான் அழுதது அதற்காக மட்டும்தான்.

கொழுந்தன் அந்த வாரமே கிளம்பினான். இரண்டு கட்சியும் அவனைத் தேடிக்கொண்டிருந்தன. போகும்போது நல்ல லென்ஸைக் கழற்றி எடுத்துப்போனான். பாதிப் பங்குக்கு அது சரியாகப் போயிற்று என்று நான் தேடவில்லை. மறுபடி ஒரு டாக்கிக் கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி. அதன்பிறகு நாங்கள் சந்திக்கவில்லை.

பழைய லென்ஸைப் போட்டுக்கொண்டு கடையை நடத்தினேன். பட்டாளத்துக்குப் போன மகன்களை வீட்டாரோடு சேர்த்து ஒட்டித் தரச்சொல்லி வருசநாட்டிலிருந்தெல்லாம் வந்தார்கள். பொய்ப்படக்காரி என்று பட்டப்பெயர் வைத்துவிட்டு, அதே வேலைக்கு என்னிடமே வந்தார்கள். ஒவ்வொரு படத்திலும், யாருடைய நிழல் யார்மேல் விழும் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

மூத்தவர் கடைசியாக ஒரு தடவை வந்தார். தலை மொட்டையாக இருந்தது. அம்மாள் இறந்து காரியம் முடிந்திருந்தது. வழக்கு அப்பீலாகி மதுரைக்குப் போயிருந்தது, படமும் கட்டோடு அங்கே போய்விட்டது.

"ஆத்தாவுக்கு வேற படமே கெடையாது" என்றார். "அந்தக் கண்ணாடிய எங்கயாச்சும் வச்சிருப்ப. ஆத்தாவ மட்டும் எடுத்துக் குடு."

"கழுவிட்டாகனு நீங்களே பாத்தீகளே."

"பொய் சொல்லுற. ஒனக்குப் பொய்தான் தொழில்."

"அப்படியே வச்சுக்கங்க."

அவர் போகவில்லை. வந்தவர்களுக்குப் போட்டிருந்த பெஞ்சியில், அம்மாள் உட்கார்ந்த அதே நாற்காலியைப் பார்த்தபடி, வெயில் ஏறுகிறவரை உட்கார்ந்திருந்தார். நான் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கடைசியில் எழுந்து, தம்பியும் வந்து கேட்டானா என்று விசாரித்தார். போன வாரம் வந்தார் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.